குடும்பப்படியும் விடுதலையும்: செம்பேனின் நாவலிற் பெண்கள்

விடுதலைப் போராட்டங்களைப் பாடும் இலக்கியங்களிற் பெண் பெரும்பாலும் ஓர் உருவகமாகவே இடம்பெறுகிறாள். நாடு தாயாகிறது, தாய் விலங்கிடப்பட்டுக் கிடக்கிறாள், மைந்தர் அவளை மீட்கப் புறப்படுகின்றனர். பிரெஞ்சு மேற்கு ஆபிரிக்காவிலும் நிலைமை இதற்குப் புறம்பானதன்று. பின்னாளிற் செனகலின் முதலாவது குடியரசுத் தலைவரான செங்கோரின் 1945ஆம் ஆண்டுத் தொகுதியிலுள்ள 'கறுப்புப் பெண்' என்னும் கவிதையிற் பெண்ணே ஆபிரிக்காவாகக் காட்சி தருகிறாள். அக்கவிதையின் அழகை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அப்பெண் உலை வைப்பதில்லை, தண்ணீர் சுமப்பதுமில்லை. செனகலிற் பிறந்து, மார்சேய்த் துறைமுகத்தில் மூட்டை சுமந்து, தொழிற்சங்கத்திலும் கம்யூனிஸ்ட் கட்சியிலும் பயின்ற உஸ்மான் செம்பேன் (1923-2007), தம் நாடு விடுதலை பெற்ற 1960ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட 'கடவுளின் மரத்துண்டுகள்' என்னும் நாவல் இவ்வுருவகத்தை உடைத்த முறையே ஈண்டு நமது கவனத்துக்குரியது.

டக்கார்-நைஜர் புகையிரதப் பாதையில் 1947 ஒக்டோபர் 10ஆந் திகதி தொடங்கி 1948 மார்ச் 19ஆந் திகதி வரை நீடித்த வேலைநிறுத்தமே நாவலின் பொருள். வெள்ளைத் தொழிலாளருக்கும் ஆபிரிக்கத் தொழிலாளருக்கும் இடையே நிலவிய பாரபட்சத்தை ஒழிப்பதே போராட்டத்தின் சாரம். நாவலில் முன்வைக்கப்படும் கோரிக்கைகளுள் நம்மை நின்று நோக்கச் செய்வது குடும்பப்படி பற்றியது. ஆபிரிக்கத் தொழிலாளருட் பலர் பலதார மணம் செய்தோர். அவர்தம் பெண்களை மனைவியர் என ஏற்று எவ்வாறு படி வழங்குவது என நிர்வாகம் ஏளனத்தோடு வினவுகிறது. ஒழுக்கத்தின் பெயரால் எழும் இவ்வினாவின் அடியில் இருப்பது வெறுங் கணக்கே. கூலி என்பது தொழிலாளி ஒருவனை மாத்திரமன்றி அவனது குடும்பத்தையும் பேணுவதற்குரியது என்பது அரசியற் பொருளாதாரத்தின் அரிச்சுவடி. ஆபிரிக்கனின் குடும்பத்தைக் கிராமமும் அவனது வீட்டுப் பெண்களின் ஊதியமற்ற உழைப்பும் பார்த்துக்கொள்ளும் என்ற எடுகோளின் மீதே குடியேற்றவாதம் கூலியைக் குறைத்து வைத்திருந்தது. குடும்பப்படி கேட்கப்பட்டதும் இதுகாறும் கணக்கில் வராத அவ்வுழைப்பு பேரம் பேசும் மேசைக்கு வந்துவிடுகிறது.

செம்பேன் இதனைக் கோட்பாடாக உரைக்கவில்லை. கூலி நின்றதும் கடன் நிற்கிறது, கடைகள் மூடப்படுகின்றன, தண்ணீர்க் குழாய்கள் வற்றுகின்றன. போர்முனை தண்டவாளத்திலிருந்து அடுப்படிக்கு மாறுகிறது. டக்காரில் ரமத்துலாய் என்னும் முதியவள் நாள் முழுதும் அரிசிக்கு அலைந்து வெறுங்கையோடு திரும்புகிறாள். அவளது சகோதரனோ நிர்வாகத்துக்கு வேண்டிய பெரிய மனிதன். அவனுடைய கொழுத்த ஆட்டுக்கடா, குழந்தைகளுக்கென எஞ்சியிருந்த உணவைத் தின்றுவிட, அவள் அதனைக் கொன்று இறைச்சியைப் பங்கிடுகிறாள். கைதுசெய்ய வரும் பொலிசாரை மணல் நிரப்பிய போத்தல்களோடு பெண்கள் எதிர்கொள்கின்றனர். எந்த அரசியல் வகுப்பும் அவளுக்கு இதனைக் கற்பிக்கவில்லை. பசித்த குழந்தைகளே அவளை அங்கு கொண்டுவந்து நிறுத்தின. பொலிஸ் நிலையத்தின் முன்னே தீயணைப்புக் குழாயின் நீர் முகத்தில் அறைந்ததால் ஹூடியா ம்பாய் என்னும் தாய் உயிரிழக்கிறாள். குடிப்பதற்கு இல்லையென மறுக்கப்பட்ட அதே நீர்! நாவலில் இதனை விடக் கூர்மையான இடம் வேறில்லை என்பது நமது துணிபு.

எனினும் குடும்பப்படிக் கோரிக்கையினுள்ளே ஒரு முரண்பாடும் பொதிந்துள்ளது. நாவலைப் புகழ்வோர் பலரும் அதனை விரைந்து கடந்து செல்கின்றனர். எல்லா மனைவியருக்கும் படி கேட்பது குடியேற்றவாதியின் இழிவுரைக்கு எதிரான நியாயமான குரல். அதே வேளையில் அது பலதார மணத்தை உள்ளவாறே ஏற்றுக்கொள்வதுமாகும். சங்கத் தலைவனான பக்கயோக்கோ இம்முரண்பாட்டின் உருவமாகவே விளங்குகிறான். தன்னை விரும்பும் கல்விகற்ற இளம்பெண் நதேய் தூத்தி இரண்டாம் மனைவியாகவும் இசையும்போது, அவன் மறுத்துவிடுகிறான். ஆனால் அவனுடைய மனைவி அசித்தானோ தமையன் இறந்தபின் வழக்கப்படி அவனுக்குரியவளாக்கப்பட்டவள். அவளது விருப்பத்தை எவருங் கேட்டதில்லை. வேலைநிறுத்தம் பற்றிப் பிற்பாடு கணவனே அபிப்பிராயம் கேட்கும்போதும், தான் மனைவி மாத்திரமே என்ற நிலையிலேயே அவள் நிற்கிறாள். தலைவனை விமர்சிக்க ஆசிரியர் தயங்கினாலும், அசித்தானின் பணிவை உள்ளவாறு வரைந்ததன் வாயிலாக யதார்த்தம் அவரை மீறிப் பேசிவிடுகிறது.

தியேஸிலிருந்து டக்காருக்கு ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தூரம் பெண்கள் மேற்கொள்ளும் நடைபயணமே நாவலின் உச்சம். அதற்குத் தலைமை தாங்குபவள் பெண்டா. ஊரார் நடத்தை கெட்டவளென ஒதுக்கியவள். சங்கப் பணிமனையில் உணவுப் பங்கீட்டை ஏற்று நடத்துகையில், தன்னைத் தொட்டுச் சேட்டைவிட்ட தொழிலாளியைப் பலர் முன்னிலையில் அறைந்தவளும் அவளே. வழியில் அவள் பெண்களை எண்ணத் தொடங்க, எண்ணினால் உயிருக்குத் தீங்கு வரும், நாங்கள் கடவுளின் மரத்துண்டுகள் என அவர்கள் தடுக்கின்றனர். நாவலின் தலைப்பு இந்நம்பிக்கையிலிருந்து பிறந்தது. வேலைநிறுத்தக்காரரைப் பின்னாளிற் கண்டு விசாரித்த வரலாற்றாய்வாளர் இத்தகைய நடைபயணம் நிகழ்ந்தமைக்குச் சான்று காணவில்லை. பெண்களின் உண்மையான பங்களிப்பு, சிறு வணிகத்தாலும் உறவினர் உதவியாலும் ஐந்து மாதங்களுக்கு மேலாகக் குடும்பங்களைக் காத்ததே என்பர். இதுகொண்டு செம்பேனைப் பொய்யுரைத்தவரெனக் கொள்வது இலக்கியத்தின் இயல்பறியாதோர் கூற்றாகும். சந்தையிலும் அடுப்படியிலும் சிதறிக்கிடந்த உழைப்பைக் கண்ணுக்குப் புலனாகும் அணிவகுப்பாகத் திரட்டிக் காட்டியமை அவரது கற்பனையின் வெற்றியே.

ஆயின் அவ்வணிவகுப்பை நடத்தியவளை டக்காரின் வாயிலிலேயே படையினரின் துப்பாக்கிக்கு இரையாக்கியது ஏன்? போராட்டத்தில் உயிர்ப்பலி இயல்பு என்பது போதிய விடையன்று. கணவனோ குழந்தையோ இன்றி, ஆண்களை அறையவும் பெண்களை வழிநடத்தவும் வல்ல பெண்ணொருத்திக்கு வேலைநிறுத்தம் முடிந்த மறுநாளிற் சங்கத்தில் என்ன இடம் என்பதை ஆசிரியர் கூற வேண்டியிருந்திருக்கும். அவளது மரணம் அப்பொறுப்பிலிருந்து அவரை விடுவித்துவிட்டது. பமாக்கோவில் அசித்தானின் சிறு மகள் அஜிபிஜி, ஆணும் பெண்ணும் ஒருநாட் சமமாவர் எனத் தன் சின்னையா கூறியதைப் பாட்டியிடம் ஒப்புவித்துக்கொண்டிருக்கிறாள். அதே சின்னையாவின் வீட்டில் அவளுடைய தாய் முன்போலவே வேலை செய்துகொண்டிருக்கிறாள்.