குடும்ப வன்முறைப் பாதுகாப்பு ஆணை: சட்டமும் நடைமுறையும் – ஒரு மதிப்பாய்வு

பாதுகாப்பு ஆணை என்பது, வன்முறைக்கு உள்ளான ஒருவரை நெருங்கவோ, தொடர்பு கொள்ளவோ, துன்புறுத்தவோ கூடாது என்று மற்றொருவருக்கு நீதிமன்றம் விதிக்கும் தடை ஆகும். இந்தியாவில் இதற்கு அடிப்படையாக இருப்பது குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. இது 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. இந்த ஆணை எப்படிப் பெறப்படுகிறது, எந்த இடத்தில் பலன் தருகிறது, எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பதைச் சென்னையின் மேற்குப் பகுதியான முகப்பேரை முன்வைத்து இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

பின்னணி

இச்சட்டத்திற்கு முன்பு, அடிபடும் மனைவிக்கு மூன்று வழிகளே இருந்தன. 1983இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 498அ பிரிவின்கீழ்க் குற்றப் புகார் கொடுக்கலாம், ஜீவனாம்சம் கேட்கலாம், விவாகரத்து கோரலாம். முதலாவது கணவரைத் தண்டிக்கும், இரண்டாவது பணம் தரும், மூன்றாவது உறவை முறிக்கும். இன்றிரவு அடி விழாமல் இருப்பதற்கும், வீட்டை விட்டு வெளியேற்றப்படாமல் இருப்பதற்கும் இவற்றில் எதுவும் நேரடியாக உதவவில்லை. உரிமையியல் நீதிமன்றத்தில் உறுத்துக்கட்டளை கேட்க முடிந்தாலும், அதை மீறுபவர்மீது நடவடிக்கை எடுக்க மீண்டும் அதே நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். காவல்துறை தானாகத் தலையிடாது.

இங்கிலாந்திலும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலும் 1976லேயே இதற்கெனத் தனிச் சட்டங்கள் வந்துவிட்டன. இலங்கை 2005இல் 34ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றியது. அங்கு பாதுகாப்புக் கட்டளையின் உயர்ந்தபட்சக் காலம் 12 மாதங்கள். இந்தியச் சட்டத்தில் அத்தகைய காலவரம்பு இல்லை. நீதிமன்றம் மாற்றாதவரை, பெண்ணே விலக்கக் கோரும்வரை ஆணை நீடிக்கும். இது இந்தியச் சட்டத்தின் சிறப்புகளில் ஒன்று.

தேவை எவ்வளவு பெரியது என்பதைத் தேசியக் குடும்பநல ஆய்வு காட்டுகிறது. 2019–21இல் நடந்த ஐந்தாவது ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுவரை உள்ள, திருமணமான பெண்களில் 38.1 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளாகியிருந்தனர். தேசிய அளவில் இது 29.3 விழுக்காடு. வன்முறைக்கு உள்ளான பெண்களில் எங்காவது உதவி தேடியவர்கள் இந்திய அளவில் சுமார் 14 விழுக்காடு மட்டுமே.

ஆணையில் என்ன இருக்கும்

உடல், பாலியல், சொல் மற்றும் மன ரீதியான வன்முறைகளுடன் பொருளாதார வன்முறையையும் சட்டம் கணக்கில் கொள்கிறது. வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் இருப்பதும், நகையை எடுத்து விற்பதும் இதில் அடங்கும். 18ஆம் பிரிவின்கீழ் வழங்கப்படும் பாதுகாப்பு ஆணை, வன்முறையில் ஈடுபடுவதையும் அதற்குத் துணைபோவதையும் தடுக்கலாம். பெண் வேலை செய்யும் இடத்திற்கும் குழந்தையின் பள்ளிக்கும் வருவதைத் தடுக்கலாம். நேரிலோ தொலைபேசியிலோ மின்னணு வழியிலோ தொடர்பு கொள்வதையும், வங்கிக் கணக்கையும் லாக்கரையும் தன்னிச்சையாகக் கையாள்வதையும் தடுக்கலாம். அடைக்கலம் கொடுத்த தாய்வீட்டாரைத் துன்புறுத்துவதையும் தடுக்கலாம்.

இதோடு 19ஆம் பிரிவில் குடியிருப்பு ஆணை, 20இல் பண நிவாரணம், 21இல் குழந்தையின் தற்காலிகப் பொறுப்பு, 22இல் இழப்பீடு ஆகியவற்றையும் ஒரே மனுவில் கேட்கலாம்.

பெறும் முறை

பாதிக்கப்பட்ட பெண்ணோ, பாதுகாப்பு அலுவலரோ, பெண்ணின் சார்பில் வேறொருவரோ 12ஆம் பிரிவின்கீழ் நீதித்துறை நடுவரிடம் மனு அளிக்கலாம். மனுவுக்கு 2006ஆம் ஆண்டு விதிகளில் இரண்டாம் படிவம் உள்ளது. எதிர்த்தரப்பை அழைக்கும் முன்பே உடனடித் தடை வேண்டுமென்றால், மூன்றாம் படிவத்தில் உறுதிமொழிப் பத்திரம் இணைத்து, 23ஆம் பிரிவின்கீழ் ஒருதலைப்பட்ச இடைக்கால ஆணை கோர வேண்டும். பலர் தவறவிடும் படி இதுவே. இடைக்கால ஆணை தனியாகக் கேட்கப்படாத மனு, அறிவிப்பு சார்வு செய்யப்படும்வரை வெறும் தாளாகவே இருக்கும்.

பாதுகாப்பு அலுவலர் தயாரிக்கும் குடும்ப நிகழ்வு அறிக்கை உதவியாக இருக்கும். ஆனால் அது இல்லை என்பதற்காக மனுவைத் திருப்ப முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 2022 மே மாதத் தீர்ப்பில் தெளிவுபடுத்தியது. அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், காவல் நிலையத்தில் பெற்ற மனு ஏற்பு ரசீது, மிரட்டல் குறுஞ்செய்திகள், வங்கி விவரங்கள் ஆகியவை மனுவுக்கு வலுச் சேர்க்கும். சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பெண்கள் அனைவருக்கும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உண்டு. 181 என்ற மகளிர் உதவி எண்ணும், 15100 என்ற சட்ட உதவி எண்ணும் முதல் தொடர்புக்குப் பயன்படும்.

முகப்பேரும் எல்லைக் குழப்பமும்

வீட்டுவசதி வாரியத்தின் மனைகளாலும் அடுக்ககங்களாலும் வளர்ந்த முகப்பேர், பல நிர்வாக எல்லைகள் மாறிய பகுதியில் உள்ளது. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியில் இணைந்தது. 2018இல் அம்பத்தூர் வட்டம் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்கு வந்தது. 2022 ஜனவரியில் ஆவடி காவல் ஆணையரகம் உருவானபோது அம்பத்தூர் அதன்கீழ்ச் சென்றது, முகப்பேரின் ஜெ.ஜெ. நகர் சென்னைக் காவல்துறையிலேயே தொடர்ந்தது. கணவர் வீடு அம்பத்தூரிலும், தாய்வீடு முகப்பேரிலும், வேலை கிண்டியிலும் இருக்கும் பெண்ணுக்கு, “இது எங்கள் எல்லை இல்லை” என்ற பதில் பெரிய தடை.

27ஆம் பிரிவு இந்தத் தடையை நீக்குகிறது. பெண் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ வசிக்கும் இடம், வேலை செய்யும் இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம், வன்முறை நடந்த இடம் ஆகிய எதற்கும் உரிய நடுவர் மனுவை ஏற்கலாம். ஆணை இந்தியா முழுவதும் செல்லும். தாய்வீட்டில் தங்கியிருப்பதே தற்காலிக வசிப்புக்குப் போதுமானது. சட்டத்தின் மிக நடைமுறை சார்ந்த பிரிவு இது. ஆனால் காவல் நிலைய வாசலில் மிகக் குறைவாக நினைவுகூரப்படுவதும் இதுவே.

வீடு யாருடையது

முகப்பேர் போன்ற பகுதிகளில் ஒதுக்கீடு பெற்ற வீடு பெரும்பாலும் மூத்த தலைமுறையின் பெயரில் இருக்கும். மகனும் மருமகளும் அதில் வசிப்பார்கள். 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு, மாமியாருக்குச் சொந்தமான வீட்டில் மருமகளுக்குக் குடியிருப்பு உரிமை இல்லை என்று கூறியது. சட்டம் நடைமுறைக்கு வந்து இரண்டே மாதங்களில் அதன் முக்கியப் பயன்களில் ஒன்றை இத்தீர்ப்பு சுருக்கிவிட்டது.

இதைச் சரிசெய்ய 14 ஆண்டுகள் ஆயின. 2020 அக்டோபர் 15 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு, கணவரின் உறவினருக்குச் சொந்தமானதாக இருந்தாலும், பெண் நிலையாக வாழ்ந்த வீடு பகிர்ந்து வாழும் வீடே என்று முந்தைய தீர்ப்பை மாற்றியது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த மற்றொரு தீர்ப்பு, மூத்த குடிமக்கள் சட்டத்தின் சுருக்க விசாரணையைக் கொண்டு மருமகளின் இந்த உரிமையைப் பறிக்க முடியாது என்றது. இவை உரிமையாளரின் சொத்துரிமையை அழிக்கவில்லை. உரிய சட்ட நடைமுறை இன்றி வெளியேற்றக் கூடாது என்பதே பொருள்.

சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் இன்னொரு படி சென்றது. வீட்டில் அமைதிக்குக் கணவரை வெளியேற்றுவதே ஒரே வழி என்றால், அவருக்கு வேறு இடம் இருக்கிறதா இல்லையா என்று பாராமல் ஆணையிடலாம் என்று நீதிபதி ஆர்.என். மஞ்சுளா தீர்ப்பளித்தார். இந்தக் கட்டளையைப் பெண்ணான ஒருவருக்கு எதிராக மட்டும் பிறப்பிக்க முடியாது என்பது 19ஆம் பிரிவின் வரம்பு. 2016 தீர்ப்புக்குப் பின் மாமியாரும் நாத்தனாரும் எதிர்மனுதாரர்களாக முடியும். அவர்களை வன்முறையிலிருந்து தடுக்கலாம், வீட்டை விட்டு அகற்ற முடியாது.

விமர்சனம்

முதல் குறை காலம். முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாட்களுக்குள் இருக்க வேண்டும். அறிவிப்பு இரண்டு நாட்களுக்குள் சேர வேண்டும். முதல் விசாரணையிலிருந்து 60 நாட்களில் மனுவை முடிக்க முயல வேண்டும். “முயல வேண்டும்” என்ற சொல்லே இக்காலக்கெடுவைத் தளர்த்திவிடுகிறது. எதிர்மனுதாரர் அறிவிப்பை வாங்காமல் தவிர்ப்பதும், வாய்தா கேட்பதும் 60 நாட்களை எளிதில் கரைக்கும். இடைக்கால ஆணை இல்லாத நிலையில், மனுப் போட்ட செய்தி வீட்டுக்குத் தெரிந்த பிறகு ஆணை வரும்வரை உள்ள இடைவெளியே பெண்ணுக்கு மிக ஆபத்தான காலம்.

இரண்டாவது குறை பாதுகாப்பு அலுவலர்களின் எண்ணிக்கை. அறிக்கை தயாரிப்பது, அறிவிப்பைச் சேர்ப்பது, சட்ட உதவிக்கும் தங்கும் இல்லத்துக்கும் ஏற்பாடு செய்வது எனச் சட்டத்தின் முழுச் சுமையும் இவர்மீது விழுகிறது. தமிழ்நாட்டில் சமூகநலத் துறையின்கீழ் மாவட்ட அளவில் அமைந்த இப்பதவி, சென்னை போன்ற மாவட்டத்துக்குப் போதாது. வட்ட அளவில் அலுவலர்களை நியமிக்க உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் மாநிலங்களுக்கு உத்தரவிட்டதே இக்குறைக்குச் சான்று.

மூன்றாவது குறை சட்டத்தின் வாசகத்திலேயே உள்ளது. ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது 31ஆம் பிரிவு. பிடியாணை இன்றிக் கைது செய்யலாம், பிணை உரிமையாகக் கிடைக்காது. ஆனால் இப்பிரிவு பாதுகாப்பு ஆணையையும் இடைக்காலப் பாதுகாப்பு ஆணையையும் மட்டுமே பெயர் சொல்லிக் குறிக்கிறது. வீட்டுப் பூட்டை மாற்றுவதும், பண நிவாரணத்தைத் தராமல் இருப்பதும் இதில் வருமா என்பதில் வாதம் எழுகிறது. 18ஆம் பிரிவின் கடைசி உட்பிரிவு, ஆணையில் குறிப்பிடும் வேறு எந்தச் செயலையும் தடுக்க இடம் தருகிறது. “வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது” என்பதைப் பாதுகாப்பு ஆணையின் பகுதியாகவே கேட்டுப் பெறுவது இந்த இடைவெளியை ஓரளவு அடைக்கும்.

நான்காவதாக, சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்ற எதிர்ப்பு உண்டு. பொய்ப் புகார் எந்தச் சட்டத்திலும் நிகழக்கூடியதே. ஆயினும் மனுப் போட்டவுடன் இச்சட்டத்தில் யாரும் கைதாவதில்லை. எதிர்மனுதாரருக்கு விளக்கம் தரவும், 30 நாட்களுக்குள் அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யவும் வாய்ப்பு உண்டு. 2021 ஜனவரியில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அளித்த தீர்ப்பு, இம்மனுக்கள் உரிமையியல் தன்மை கொண்டவை, எதிர்மனுதாரரைக் குற்றம் சாட்டப்பட்டவராக நடத்தக் கூடாது என்று நெறிப்படுத்தியது. சென்னை உயர் நீதிமன்றம் ஓராண்டுக் காலவரம்பைக் காட்டி ரத்து செய்த ஒரு பெண்ணின் மனுவை 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மீட்டதும் இதே காரணத்தால்தான்: மனு குற்றப் புகார் அல்ல, எனவே அவ்வரம்பு பொருந்தாது. மனுவின் இந்த இயல்பே இருதரப்புக்கும் காப்பாக உள்ளது.

ஐந்தாவது, சட்டத்துக்கு வெளியே நிற்பவர்கள். ஒரே வீட்டில் குடும்ப உறவில் வாழ்ந்தவருக்கு எதிராக மட்டுமே இந்த ஆணை கிடைக்கும். பின்தொடரும் அந்நியர், மறுக்கப்பட்ட காதலர், பக்கத்துக் குடியிருப்புக்காரர் ஆகியோர் இதில் வரமாட்டார்கள். இக்குறையை உணர்ந்தே, 2025 ஜனவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் 1998ஆம் ஆண்டின் பெண்களுக்குத் துன்பம் விளைவித்தலைத் தடைசெய்யும் சட்டத்தைத் திருத்தி, துன்புறுத்துபவர் பெண்ணைத் தொடர்பு கொள்வதைத் தடுக்கும் பாதுகாப்பு ஆணைக்கு வழி செய்தது.

மதிப்பீடு

2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கருத்து சரியானது: தண்டிப்பதற்கு முன் தடுப்பது, வெளியேறச் சொல்வதற்கு முன் வீட்டிலேயே பாதுகாப்பது. நீதிமன்றங்கள் காலப்போக்கில் அதன் பொருளை விரித்துள்ளன. பின்தங்கியிருப்பது நிர்வாகமே. ஆணையின் நகலைப் பெண்ணுக்கும் காவல் நிலையத்துக்கும் கட்டணமின்றித் தர வேண்டும் என்று 24ஆம் பிரிவு கூறுகிறது. நள்ளிரவில் கதவு தட்டப்படும்போது அந்த நகல் பெண்ணின் கையிலும் அதன் பொருள் காவலரின் அறிவிலும் இருந்தால்தான் ஆணை பயன் தரும். புதிய பிரிவுகளைவிட, போதுமான பாதுகாப்பு அலுவலர்களும், முதல் நாளிலேயே இடைக்கால ஆணையைப் பரிசீலிக்கும் வழக்கமும், மீறலை “குடும்பச் சண்டை” என்று சமரசத்துக்கு அனுப்பாமல் குற்றமாகப் பதிவு செய்யும் காவல் நிலையமும் இச்சட்டத்துக்கு இப்போது அதிகம் தேவைப்படுகின்றன.