"மின்சாரத்தை நிறுத்தாதீர்" என்றால் போதுமா?

"நிலைபொருள் புதுப்பிக்கப்படுகிறது; மின்சாரத்தை நிறுத்தாதீர்." மடிக்கணினியின் திரையில் இப்படி ஓர் எச்சரிக்கையை நீங்கள் பார்த்திருக்கலாம். நல்லெண்ணத்தோடு சொன்ன அறிவுரைபோலத்தான் அது தோன்றும். ஆனால் சற்றுச் சிந்தியுங்கள். மின்சாரம் வருவதும் போவதும் நம் கையிலா இருக்கிறது?

எர்ணாவூரை எடுத்துக்கொள்வோம். 450 மெகாவாட் திறன்கொண்ட எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை இதன் அருகில்தான் இயங்கிவந்தது. மின் நிலையம் பக்கத்தில் இருந்தால் மின்தடை வராது என்பது கிடையாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வீசியபோது வடசென்னையின் பல பகுதிகள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. இத்தகைய ஊரில் வாழும் மாணவனிடம் "மின்சாரத்தை நிறுத்தாதே" என்று சொல்வது, மழையிடம் சொல்ல வேண்டியதை நனைபவனிடம் சொல்வதாகும்.

நிலைபொருள் என்பது யாது? பொத்தானை அழுத்தியதும் முதலில் விழிப்பது விண்டோஸும் அன்று, லினக்ஸும் அன்று. தாய்ப்பலகையில், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய ஒரு சில்லு இருக்கிறது. பெரும்பாலும் அதற்கு எட்டுக் கால்கள். அதில் எழுதப்பட்டிருக்கும் தொடக்க நிரலே நிலைபொருள். கடைக்காரர்கள் 'பயாஸ்' என்பார்கள். அது இல்லையேல், அடுத்து என்ன செய்வது என்பதே கணிப்பொறிக்குத் தெரியாது.

இச்சில்லு 'ஃபிளாஷ்' நினைவக வகையைச் சேர்ந்தது. இதன் ஒவ்வோர் அணுவறையிலும், மின்கடத்தாப் பொருளால் சூழப்பட்ட 'மிதக்கும் வாயில்' ஒன்று உண்டு. அதில் எலெக்ட்ரான்கள் அடைபட்டிருந்தால் 0, இல்லாவிட்டால் 1. ஓர் அறையில் 1 என்பதை 0 ஆக்குவது எளிது. 0 என்பதை மீண்டும் 1 ஆக்கவோ, அவ்வறை உள்ள பகுதி முழுவதையும், குறைந்தது 4 கிலோபைட்டை, அழித்தாக வேண்டும். சிலேட்டை முழுதும் துடைத்துவிட்டு எழுதுவது போன்றது இது. துடைத்தபின், எழுதி முடிக்குமுன் மின்சாரம் நின்றால், பழைய பாடமும் இல்லை. புதிய பாடமும் இல்லை.

"மடிக்கணினிக்கு மின்கலம் இருக்கிறதே?" என்று நீங்கள் கேட்கலாம். புதிய கணிப்பொறிக்கு அது சரியான விடை. ஆனால் தமிழக அரசு 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் போன்றவற்றால் கிடைத்த ஒரே கணிப்பொறியை, அண்ணனுக்குப் பின் தங்கை பயன்படுத்தும் வீடுகள் பல. மின்கலம் பழையதாக ஆக அதன் அகத்தடை கூடும். சுமை ஏறியவுடன் மின்னழுத்தம் சரியும். 40 விழுக்காடு என்று காட்டிய மின்கலம் சட்டென்று அணைந்துபோவது இதனால்தான்.

இங்கேதான் நம் விமர்சனம் எழுகிறது. அழிக்கும் முன் ஒரு நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளாத அமைப்பு, குறையுள்ள அமைப்பே. அக்குறையை எச்சரிக்கை வாசகத்தால் மூடுவது அறிவியல் ஆகாது. மாற்று வழி இல்லாமல் இல்லை. ஜிகாபைட் நிறுவனம் தன் தாய்ப்பலகைகள் பலவற்றில் இரண்டு சில்லுகளை வைத்திருக்கிறது. 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7.0, ஒரு பகுதி இயங்கும்போதே மற்றொரு பகுதியில் புதியதை எழுதும் முறையைக் கொண்டுவந்தது. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2018-இல் வெளியிட்ட நெறிமுறைகள், நிலைபொருளுக்குப் பாதுகாப்பும் பழுதைக் கண்டறிதலும் மட்டும் போதா, மீட்சியும் வேண்டும் என்கின்றன.

எதிர்வாதமும் உண்டு. எளிதில் எழுதக்கூடிய நிலைபொருள் எளிதில் கெடுக்கவும் கூடியது. 1999 ஏப்ரல் 26-இல் 'சி.ஐ.ஹெச்.' என்னும் நச்சுநிரல் உலகெங்கும் பல கணிப்பொறிகளின் பயாஸை அழித்து இதைக் காட்டியது. ஆகவே பூட்டு வேண்டும் என்பது நியாயமே. ஆனால் மீட்பு நிரலை மாற்ற முடியாத பகுதியில் வைத்து, புதிய கோப்பின் மின்கையொப்பத்தைச் சரிபார்த்த பின்னரே ஏற்கச் செய்தால், பூட்டும் இருக்கும்; வழியும் இருக்கும்.

சரி, புதுப்பித்தல் பாதியில் நின்று, திரை கறுத்துவிட்டது. என்ன செய்வது? முதலில், அது இறந்துவிட்டதாக எண்ணாதீர்கள். உங்கள் பாடக்குறிப்புகள் வன்தட்டில் அப்படியே இருக்கும். பல மாதிரிகளில் மீட்புப் பகுதி உண்டு. எச்.பி. மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸ் விசையையும் 'பி' விசையையும் பிடித்துக்கொண்டு மின்பொத்தானை அழுத்த வேண்டும். டெல் மாதிரிகள் பலவற்றில் கன்ட்ரோல், எஸ்கேப் விசைகளைப் பிடித்துக்கொண்டு சார்ஜரை இணைக்க வேண்டும். உங்கள் மாதிரிக்கு உரியதை நிறுவனத்தின் கையேட்டில் பாருங்கள்.

அதுவும் பலிக்காவிட்டால், சில்லைக் கவ்வியால் பிடித்து, 'புரோகிராமர்' கருவியால் நேரே எழுதலாம். எர்ணாவூர்க்காரர்கள் விம்கோ நகரில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் ரிச்சி தெரு அருகில்தான். இவ்வேலை தெரிந்தவர்கள் அங்கே உண்டு. இரண்டு செய்திகளை மட்டும் வற்புறுத்துங்கள். எழுதுமுன் பழைய உள்ளடக்கத்தைப் படித்துச் சேமிக்க வேண்டும். உங்கள் கணிப்பொறிக்கே உரிய வரிசை எண் முதலியவை அதில் இருக்கும். சில்லு 3.3 வோல்ட் வகையா, 1.8 வோல்ட் வகையா என்றும் பார்க்க வேண்டும். மிகை மின்னழுத்தம் அதைக் கெடுத்துவிடும்.

"பலகையையே மாற்ற வேண்டும்" என்று யாராவது சொன்னால் உடனே தலையசைக்காதீர்கள். கெட்டது சில்லா, சில்லில் எழுதியதா என்று கேளுங்கள். எழுத்துப் பிழைக்காகப் புத்தகத்தையே எரிப்பவர் உண்டா? அடுத்த முறை கணிப்பொறி வாங்கும்போது, நினைவகம் எவ்வளவு என்று கேட்பதோடு நின்றுவிடாமல், புதுப்பித்தல் பாதியில் நின்றால் மீள வழி என்ன என்றும் கேளுங்கள். பலரும் கேட்கத் தொடங்கினால்தான் நிறுவனங்கள் விடை தேடும்.