முன்றில் கடவாத முதுமை

பெருஞ்சித்திரனார் குமணனைப் பாடிய புறப்பாட்டை (159) வகுப்பறையில் நாம் பெரும்பாலும் வறுமைப் பாட்டாகவே கற்பிக்கின்றோம். அது தவறன்று. ஆயினும் அப்பாட்டின் முதற்பகுதியில் நிற்கும் முதிய தாயை விரைந்து கடந்து விடுகின்றோம். கோலின் துணையின்றி நடக்க இயலாதவள் அவள், எட்டி அடி வைக்க மாட்டாள், பார்வை மங்கியவள், முற்றத்துக்கு அப்பால் செல்லாதவள். மருத்துவர் இதனைப் படிப்பாராயின், முதியோர் இடறி விழுவதற்குரிய காரணங்களின் நிரல் என்றே கொள்வார்.

அக்காரணங்களை எண்ணி அளந்த ஆராய்ச்சிகளுள் பெயர்பெற்றது, அமெரிக்க மருத்துவர் மேரி டினெட்டி தம் குழுவினருடன் 1988இல் வெளியிட்டதாகும். தம் இல்லங்களில் வாழ்ந்த, 75 வயதும் அதற்கு மேலும் ஆன 336 பேரை ஓராண்டு தொடர்ந்து நோக்கினர்; ஏறத்தாழ மூவரில் ஒருவர் விழுந்திருந்தார். தூக்க மருந்து, மறதி, கால் தளர்ச்சி, நடைத் தடுமாற்றம், பாதக் கோளாறு முதலியவற்றுள் ஒன்றும் இல்லாதார்க்கு விழும் வாய்ப்பு நூற்றுக்கு 8. நான்கோ அதற்கு மேலோ உடையார்க்கு 78. தனிக் காரணத்தினும் காரணங்களின் கூட்டமே முதியவரை வீழ்த்துகின்றது. புலவரும் அத்தாயை ஓர் அடைமொழியால் காட்டி அமையவில்லை. அடைமேல் அடையாக அடுக்கிச் சென்றார் என்பதை நோக்குக.

இனி நம் நாட்டு ஆய்வுக்கு வருவோம். கிள்ளான் பள்ளத்தாக்கில் 55 வயதைக் கடந்தோரிடையே நடந்த மெலோர் ஆய்வின் முடிவொன்று 2018இல் வெளிவந்தது. ஓராண்டில் விழுந்தோர் மலாய்க்காரருள் நூற்றுக்கு 16, சீனருள் 19, இந்தியருள் ஏறத்தாழ 24. வயது, பால், மணநிலை, கல்வி ஆகியவற்றின் வேறுபாட்டைக் கழித்த பின்னும் இந்தியர் நிலை மாறவில்லை. எனவே இனமே தனிக் காரணமாகக் குறிக்கப்பட்டது.

கணக்கு சரியே, பெயர்தான் நமக்கு உடன்பாடன்று. 'இந்தியர்' என்பது படிவத்தில் உள்ள ஒரு கட்டம். அது எவரையும் தள்ளிவிடாது. அப்பெயருக்குள் இன்னும் பிரிக்கப்படாத காரணங்கள் பல அடங்கியிருத்தல் வேண்டும். மலேசிய இந்தியரிடையே நீரிழிவு மிகுதி. அது பாதத்தின் உணர்ச்சியைக் குறைக்கும், கண்ணையும் கெடுக்கும். ஒரு பங்கு அதனுடையதாகலாம். பெருஞ்சித்திரனார் தம் தாயின் குடியைச் சொல்லவில்லை. கண்ணையும் அடியையும் கோலையும் சொன்னார். காரணம் காணும் முறையில் புலவர் ஒரு படி முன்னிற்கின்றார் என்பேன்.

உடலுக்கு வெளியிலும் காரணம் உண்டு. பினாங்கு சூலியா தெருவில், நாகூர் தர்கா இருக்கும் பக்கமாக, ஐந்தடிப் பாதையில் நடந்து பாருங்கள். கடைக்குக் கடை தரைமட்டம் மாறுகின்றது. இங்கே ஒரு படி, அங்கே ஒரு சரிவு, அடுத்து நிறுத்தி வைத்த மோட்டார் சைக்கிள். முதியவர் தெருவில் இறங்கி, வண்டிகளுக்கு இடையே நடந்து, மீண்டும் மேலேற வேண்டும். ஒருமுறை விழுந்தவர் அஞ்சி வீட்டோடு இருந்து விடுகின்றார். இருக்க இருக்கக் கால் மேலும் தளர்கின்றது. புறப்பாட்டுத் தாயின் முற்றம் எத்தகையது என்று நமக்குத் தெரியாது. சூலியா தெருவின் படிகளையோ ஓர் அளவுகோலும் ஒரு காலைப் பொழுதும் இருந்தால் எவரும் அளந்து விடலாம்.