இலைப்பெட்டியும் பூவாளியும்

மாண்டிசோரிப் பள்ளிப் பொருள்களில் என் மனம் கவர்ந்தது இலைப்பெட்டி. இழுப்பறையைத் திறந்தால் பச்சை வண்ணம் பூசிய மர இலைகள், தத்தம் வடிவத்துக்கே குடைந்த குழிகளில் கச்சிதமாகப் பதிந்திருக்கும். குழந்தை சிறு குமிழை மூன்று விரலால் பிடித்துத் தூக்குகிறது. நாளை பென்சில் பிடிக்கப்போவதும் அதே விரல்கள்தான். பிறகு இலையின் ஓரத்தைத் தடவி வருகிறது. காம்பருகே உள்வாங்கி, நடுவில் அகன்று, நுனியில் கூர்வதை விரல் அறிந்த பிறகுதான் ‘இதய வடிவம்’ என்ற பெயர் காதில் விழுகிறது. என்ன அழகான வரிசை!

அடுத்தது தோட்டம். இதய வடிவம் பூவரசில், வெற்றிலையில். சிறுநீரக வடிவம் வல்லாரையில். ஈட்டி வடிவம் மாவிலையில். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் தலமரமான புன்னையின் இலை நீள்வட்டம். ஆனால் அதன் நெருக்கமான நரம்போட்டம் எந்தப் பெட்டியிலும் இல்லை. மரத்தடிக்குப் போகாத இலைப்பெட்டிப் பாடம் பாதிப் பாடமே.

மரியா மாண்டிசோரி 1939 நவம்பரில் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தார். ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்திருந்தார்கள். முதல் பயிற்சிக்குச் சுமார் 300 பேர் கூடினார்கள். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கவே, மகன் மரியோவை ஆங்கில அரசு காவலில் வைத்தது; மரியா 70 வயதை எட்டியபோது விடுவித்தது. பிறகு கோடைக்கானலில் கழிந்த ஆண்டுகளில், செடி, பூச்சி, கல் என்று குழந்தைகளோடு பார்த்துப் பழகியதிலிருந்து அவருடைய ‘பிரபஞ்சக் கல்வி’ விரிந்தது. ஆனால் தோட்ட வேலைக்கு 1909-இல் வந்த முதல் நூலிலேயே அவர் தனி இடம் கொடுத்திருந்தார். தண்ணீர் ஊற்ற மறந்தால் இலை துவளும். கண்டிக்க ஆசிரியர் தேவையில்லை.

தி. நகர் அடுக்ககத்தில் மண் ஏது என்பார்கள். மொட்டை மாடியில் நான்கு வளர்ப்புப் பைகள் போதும். வெந்தயம் ஓரிரு நாளில் முளைவிடும், சிறுகீரை நாலு வாரத்தில் பறிப்புக்கு வரும். மூன்று வயதின் பொறுமைக்கு இவை பொருத்தமான அளவு. பூவாளி மட்டும் பொம்மையாக இருக்கக் கூடாது. குழந்தையின் கைக்கு அடங்கி, ஒழுகாமல், சீராகத் தூவும் உண்மையான கருவி வேண்டும். ஒன்றே ஒன்றை வாங்கி வைப்பதும் நல்லது. அடுத்த குழந்தை முறைக்குக் காத்திருக்கும்.

பள்ளி விட்ட பிறகு வாடிய தொட்டிக்கு ரகசியமாக நீர் ஊற்றிவிடும் ஆசிரியர்கள் உண்டு. அன்பினால்தான் செய்கிறார்கள், ஆனாலும் வேண்டாம். மறுநாள் காலை அந்தச் செடியைப் பார்த்துப் பூவாளியைத் தேடி ஓட வேண்டியது குழந்தைதான்.