குத்துச்சண்டைப் படங்களும் யதார்த்தமும்

குத்துச்சண்டையைப் பொருளாகக் கொண்ட திரைப்படங்களுள் எது சிறந்தது என்ற விவாதம் எழும்போதெல்லாம், எது உண்மையானது என்ற கேள்வியும் உடன் எழுந்துவிடுகிறது. அதற்குப் பெரும்பாலோர் கைக்கொள்ளும் அளவுகோல் எளிமையானது. குத்து மெய்யாகவே விழுவதுபோலத் தோன்றுகிறதா? நடிகர் முறையாகப் பயின்றவரா? இவை பொருளற்ற கேள்விகள் அல்ல; எனினும் புறத்தோற்றத்தைப் பற்றியவை. உள்ளதை உள்ளவாறே பிரதிசெய்யும் இயற்பண்பு வேறு. உள்ளது ஏன் அவ்வாறு உள்ளது என்பதைப் புலப்படுத்தும் யதார்த்தம் வேறு.

மேடையில் நிகழ்வதை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் சிறந்த படங்கள் பலவும் தோற்றுவிடும். மார்ட்டின் ஸ்கோர்செஸியின் 'ரேஜிங் புல்' (1980) கலைச்சிறப்பு வாய்ந்த படைப்பு. ஆயினும் அதில் விழும் குத்துக்களை எந்த மனிதனும் அவ்வளவு நேரம் தாங்கி நிற்க முடியாது. குத்துச்சண்டை ஒரு விளையாட்டு மட்டுமன்று, ஒரு தொழிலுமாகும். அங்கே விற்பனைக்கு வரும் பண்டம் மனித உடல். ஆகவே முதலிற் கேட்கவேண்டியது இதுதான்: கடைசி மணி ஒலித்தபின் பணம் யாருடைய கைக்குப் போகிறது?

இக்கேள்வியுடன், இன்றும் மாணவர் விரும்பிப் பார்க்கும் 'றொக்கி'யை (1976) அணுகுவோம். சில்வெஸ்ரர் ஸ்ரலோன் எழுதி நடித்த இப்படத்தின் முற்பகுதி மெய்யானது. பிலடெல்பியாவின் சிறு மண்டபமொன்றில் வென்ற நாயகனுக்கு, உதவியாளன் கூலி, குளியல், துவாய், வரி யாவும் கழித்து 40 டொலர் 55 சதம் கொடுக்கப்படுகிறது. பிழைப்புக்காக அவன் வட்டிக்குப் பணம் கொடுப்பவனிடம் கடன் வசூலிப்பவனாக வேலை செய்கிறான். இதுவரை குறைகூற இடமில்லை. ஆனால் உலகச் சம்பியனுடன் மோதும் வாய்ப்பு 150,000 டொலருடன் வந்ததும், படம் தன் கணக்குப் புத்தகத்தை மூடிவிடுகிறது. அதன்பின் எல்லாம் மனவுறுதியின் கதையாகிறது. விடியற்காலையில் எழுந்து ஓடுபவனுக்கு விடிவு உண்டு என்பதே அதன் போதனை. குத்துச்சண்டை வணிகத்தின் உடைமையாளர் பின்னணியில் மறைந்துவிட, செல்வத்தின் முகமாகக் கறுப்பினச் சம்பியன் நிறுத்தப்படுவதும் கவனத்துக்குரியது.

1975 இல் முகமது அலியுடன் 15 ஆவது சுற்றுவரை நின்ற சக் வெப்னரின் சண்டையே ஸ்ரலோனுக்குத் தூண்டுதலாயிற்று. தன் பெயராற் பிறர் பொருளீட்டினர் என்று வெப்னர் 2003 இல் வழக்குத் தொடுத்தார். 2006 இல் அது இணக்கத்தில் முடிந்தது. படம் கேட்காமல் விட்ட கேள்வியை, அதற்குத் தூண்டுதலாக நின்ற மனிதர் நீதிமன்றத்திற் கேட்டார்.

ரொபேட் வைஸ் நெறிப்படுத்திய 'த செட்-அப்' (1949) இதற்கு நேர்மாறானது. கதை நிகழும் நேரமும் படம் ஓடும் நேரமும் ஒன்றே. ஏறத்தாழ 72 நிமிடங்கள். முதுமையை நெருங்கும் வீரன் ஸ்ரோக்கர் தோற்பதற்காக அவனுடைய முகாமையாளன் 50 டொலர் வாங்கிக்கொள்கிறான். எப்படியும் தோற்கப்போகிறவன்தானே என்று அதை அவனிடம் சொல்லவுமில்லை. தன் தோல்வி விற்கப்பட்டதைக்கூட அறியாத தொழிலாளி! வைஸின் கமரா பார்வையாளர் பக்கமும் அடிக்கடி திரும்புகிறது. தின்றுகொண்டே கூச்சலிடுபவன், இரத்தவெறி கொண்டு அலறும் பெண், அருகிலிருப்பவன் சொல்லக்கேட்டு ஆரவாரிக்கும் பார்வையற்றவன் ஆகியோரை நாம் காண்கிறோம். கொடுமைக்கு ஒரு சந்தை இருப்பதாலேயே கொடுமை நிகழ்கிறது என்பது சொல்லப்படாமலே விளங்குகிறது. ஆயினும் இப்படத்திலும் ஒரு பின்வாங்கல் உண்டு. ஜோசப் மொன்கியர் மார்ச்சின் மூலக்கவிதையில் (1928) நாயகன் கறுப்பினத்தவன். ஹொலிவூட் அவனை வெள்ளையனாக்கிற்று. வர்க்கத்தைக் கண்ட கண் இனத்தைக் காண அஞ்சியது.

ஜோன் ஹஸ்ரனின் 'ஃபற் சிற்றி' (1972) இவை யாவற்றிலும் ஒருபடி மேலானது என்பது என் கருத்து. கலிபோர்ணியாவின் ஸ்ரொக்ரன் நகரில், குத்துச்சண்டை வீரன் ரலி விடியற்காலையில் நாட்கூலிகளோடு வாகனமேறி வெங்காயத் தோட்டத்துக்குப் போகிறான். வயலில் வளையும் முதுகும் மேடையில் வாங்கும் அடியும் ஒரே உழைப்புச் சந்தையின் இரு பக்கங்கள் என்பதை இதைப்போல் உணர்த்திய படம் வேறில்லை. அவனுடைய எதிராளி தனியனாகப் பேருந்தில் வந்திறங்குகிறான், சிறுநீரில் இரத்தம் போகிறது, ஆனாலும் மேடையேறுகிறான். அவனும் வில்லன் அல்லன்; இன்னொரு கூலியாள். வென்ற ரலிக்கு, தான் வென்றதுகூட உடனே புரிவதில்லை. வாங்கிய முன்பணம் கழித்து அவன் கையில் வைக்கப்படுவது 100 டொலர்.

உண்மையைச் சொல்வதற்கும் விலையுண்டு. 'பொடி அன்ட் சோல்' (1947) திரைக்கதையை எழுதிய ஏபிரகாம் பொலன்ஸ்கி, 1951 இல் அமெரிக்க விசாரணைக் குழுவின்முன் பிறர் பெயர்களைச் சொல்ல மறுத்துக் கரும்பட்டியலில் இடம்பெற்றார். நாயகனாக நடித்த ஜோன் கார்பீல்டும் அவ்வாறே மறுத்தார். வேலையிழந்து 1952 இல் 39 வயதில் மறைந்தார். நெறியாளர் ரொபேட் ரொசனோ முதலில் மறுத்து, 1953 இல் பணிந்து பெயர்களைக் கூறினார். மூளையில் இரத்தம் உறைந்தும் மேடையேற்றப்படும் கறுப்பின வீரனாக அப்படத்தில் நடித்த கனடா லீ, ஒருகாலத்தில் மெய்யாகவே குத்துச்சண்டை செய்து, கண்ணில் ஏற்பட்ட காயத்தால் அத்தொழிலை விட்டவர். அவரும் 1952 இல் மறைந்தார்.

'றொக்கி'யை விரும்பும் மாணவனை நாம் பழிக்கத் தேவையில்லை. அதன் இறுதிச் சுற்றில் என் நெஞ்சும் விம்மியதுண்டு. எளியவன் எழுந்து நிற்கவேண்டும் என்ற மக்களின் நியாயமான ஏக்கத்தை அப்படம் தொடுகிறது. ஆனால் அவ்வேக்கத்தைத் தொட்டு, பின் தனிமனிதனின் ஓட்டப் பயிற்சியாகச் சுருக்கிவிடுகிறது. ஏன் விழுந்தான், யார் வீழ்த்தினார், அருகில் விழுந்து கிடப்பவன் யார் என்று கேட்க மறந்தவன் எழுந்து நின்றாலும் தனியாகவே நிற்பான். விருப்பத்தைக் கைவிடச் சொல்வது விமர்சனத்தின் வேலையன்று. அவ்விருப்பத்துக்குக் கண் திறந்துவிடுவதே அதன் வேலை. அக்கண்ணோடு பார்க்கும் மாணவன், மேடையில் நிற்கும் இருவரோடு நின்றுவிடாமல், நுழைவாயிலில் பணத்தை எண்ணிக்கொண்டிருக்கும் மூன்றாமவனையும் தேடுவான்.