ஸ்பின்-அவுட்டுக்கு கேவிட்டேஷன் காரணமா?

போடிக்காரனுக்கு விண்ட்சர்ஃபிங்கில் என்ன வேலைன்னு வீட்டிலேயே கேட்கிறார்கள். மண்டபம் கடற்கரைக்குப் போகவே அரை நாள் ஆகும். ஆனாலும் ஸ்பின்-அவுட்டை நான் முதலில் பார்த்தது எங்க மலையில்தான். மழைக்காலத்தில் ஏலத்தோட்டத்துக்கு ஏறுகிற ஜீப் சேற்றில் பின்பக்கம் வழுக்கிப் போகுமே, அதேதான். பலகைக்கு அடியில் இருக்கும் ஃபின் தண்ணீரில் பிடியை விட்டுவிடும், வால் பக்கவாட்டில் ஓடும், நாம் கடலில் கிடப்போம்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் கேவிட்டேஷன். அதாவது ஃபின்னின் ஒரு பக்கம் அழுத்தம் குறைந்து, தண்ணீரே ஆவியாகிக் குமிழி விடுகிறதாம். எனக்கு இதில் உடன்பாடில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 நாட் வேகத்தில் கடல்நீரின் இயக்க அழுத்தம் சுமார் 54 கிலோபாஸ்கல். நீர் ஆவியாக வேண்டுமென்றால் வளிமண்டலத்தின் 101 கிலோபாஸ்கலும் கிட்டத்தட்ட முழுசாகக் குறைய வேண்டும், அதாவது இயக்க அழுத்தத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சின்னக் கோணத்தில் ஒழுங்காக ஓடும் ஃபின் அவ்வளவு உறிஞ்சாது.

ஆனால் மேலே இருக்கும் காற்று உள்ளே வர அவ்வளவு தேவையில்லை. வளிமண்டலத்தைவிட அழுத்தம் கொஞ்சம் குறைந்து, வழியும் கிடைத்தால் போதும். அலை மேல் பலகை துள்ளும்போதும், பின்கால் அவசரப்பட்டு மிதிக்கும்போதும் அந்த வழி கிடைக்கிறது. ஃபின்னின் முன்விளிம்பில் இருக்கும் சின்னச் சிராய்ப்பும் உதவி செய்யும். இதற்கு வென்டிலேஷன்னு தனிப்பெயரே உண்டு. இரண்டையும் குழப்பினால் வைத்தியமும் மாறிப்போகிறது.

கேவிட்டேஷன் நிஜமாகவே பிரச்சினையாகும் இடமும் இருக்கு. 2015இல் நமீபியாவின் லூடெரிட்ஸ் கால்வாயில் ஆன்ட்வான் அல்போ 500 மீட்டரை சராசரி 53.27 நாட் வேகத்தில் கடந்தார். அங்கே இயக்க அழுத்தம் 385 கிலோபாஸ்கலைத் தொடும். அந்த உலகத்துப் பேச்சை 20 நாட் ஆளுக்குச் சொல்வதுதான் தப்பு.

'பெரிய ஃபின் போடு' என்ற அறிவுரை பாதிதான் சரி. பரப்பு கூடினால் கோணம் குறையும், உறிஞ்சலும் குறையும். ஆனால் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 20 நாட் 30 ஆனால், அதே கோணத்தில் விசை 2.25 மடங்கு. அப்போது பெரிய ஃபின் பலகையையே தூக்கிச் சாய்க்கப் பார்க்கும், இழுவையும் கூடும். வேகமாகப் போகிறவர்கள் சின்ன ஃபின் தேடுவது இதனால்தான்.

இந்த அறிவுரையை நம்பி நானும் நீளமான, செங்குத்தான ஃபின் ஒன்றை வாங்கிப் பாக் விரிகுடாவில் இறங்கினேன். அங்கே கடற்புல் மண்டிக் கிடக்கும். கடற்பசுவுக்கு அது சாப்பாடு, ஃபின்னுக்கு அது கயிறு! புல் சுற்றியதும் ஓட்டம் கலைந்து, முன்பைவிட அதிகமாக வழுக்கியது. பிறகு பின்னோக்கிச் சாய்ந்த ஃபின்னுக்கு மாறினேன். காற்றை எதிர்த்து ஏறுவது கொஞ்சம் குறைந்தது, ஆனால் புல் வழுகிப் போய்விடுகிறது. வழுக்கத் தொடங்கினால் ஜீப் டிரைவர் ஆக்ஸிலரேட்டரை விடுகிற மாதிரி பின்கால் அழுத்தத்தை விடுகிறேன். ஃபின் மறுபடி பிடித்துக்கொள்கிறது.