புள்ளொலியும் புலவர் செவியும்

ஏரிப் பறவைகளைப் பாடும் இக்காலக் கவிதைகளில் நாம் காண்பது ஒரே ஒலி: 'கீச் கீச்'. ஈரோட்டையடுத்து, 2022இல் ராம்சர் பட்டியலேறிய வெள்ளோட்டு ஏரிக்கு இவர்கள் சென்று கேட்கட்டும்! வளர்ந்த கூழைக்கடா பெரும்பாலும் வாய் பேசாது. மஞ்சள்மூக்கு நாரை அலகைத் தட்டியே ஓசை எழுப்பும்.

காகம் கரைய, மயில் அகவ, கூகை குழற எனத் தனித்தனி வினை வகுத்த மொழி நம்முடையது. 'அக்கா' என விளிப்பதுபோல் ஒலிப்பதை அக்காக்குயில் என்றனர் பாமர மக்கள். அவர்கள் செவி புலவர் செவியினும் கூரியது. அரபு இலக்கணிகளும் காக்கையொலியைக் 'காக்' என்றெழுதி, இவ்வகைச் சொற்களை 'அஸ்மாஉல் அஸ்வாத்' எனத் தனியினமாக்கினர். திருக்குர்ஆனின் 27ஆம் அத்தியாயத்தில் சுலைமான் நபிக்குச் செய்தி கொணரும் 'ஹுத்ஹுத்' தன் குரலையே பெயராகத் தாங்குகிறது. நம் 'கொண்டலாத்தி'யிலோ அக்குரல் இல்லை. கொங்குத் தோட்டத்து வரப்புகளில் அது இன்றும் கூவிக்கொண்டுதான் இருக்கிறது.